இது எந்தத் தெரு? – பழைய குடும்பப் படங்களைப் பற்றி நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி இழுத்துவிட்டு ஓய்வுபெற்றவன் நான். சொந்தக்காரர், தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது ஒரு பழுப்புக் கவரோடு பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். "அண்ணாச்சி, இது எந்தத் தெருன்னு பாத்துச் சொல்லுங்களேன்." ஆட்கள்தான் வேறு, கேள்விகள் அதேதான். ஒவ்வொரு தடவையும் காப்பி ஆறுகிற வரைக்கும் பேச வேண்டியிருப்பதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

பெரிய நிபுணன் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டுப் படத்தையே நாற்பது வருஷம் தப்பான தெருவில் வைத்திருந்தவன் நான். அந்தக் கதையும் இடையிடையே வரும்.

"எவ்வளவு பாத்தாலும் தாத்தா ஆச்சி மூஞ்சிதான் தெரியுது. எங்கேருந்து ஆரம்பிக்க?"

முதலில் தாத்தா ஆச்சியை ஒரு துண்டுத் தாளால் மூடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படம் எடுத்தவர் கவனம் முழுக்க ஆட்கள் மேலேதான் இருந்திருக்கும். ஓரங்களில் விழுந்ததெல்லாம் அவர் கேட்காமலே வந்தது, அதனால்தான் அதில் ஒப்பனை இல்லை. தாளால் மூடியபின் மேல் ஓரம், இடது ஓரம், வலது ஓரம், கடைசியாகத் தரை என்று வரிசையாகப் பாருங்கள். ஓட்டுச் சாய்ப்பு, தார்சா என்கிற முன்வராந்தாவின் தூண், கம்பம், வாய்க்கால் கல், பாதி எழுத்து மட்டும் தெரியும் பலகை, எது கண்ணில் பட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். இது எதுவாக இருக்கும் என்று இப்போதே யோசிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுப் படத்தில் ஒரு திண்ணைக்கு முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். "டவுன் வடக்கு ரதவீதி", அதாவது நெல்லையப்பர் கோயிலைச் சுற்றிய திருநெல்வேலி டவுன், என்பது குடும்ப வழக்கு. ஆட்களை மூடிவிட்டுப் பார்த்த அன்றுதான் இடது ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு மலை இருப்பது தெரிந்தது.

"பின்னாடி ஸ்டுடியோ சீல் இருக்கு. அப்போ அந்த ஊர்தானே?"

இல்லை. படத்தைக் கழுவிப் பிரிண்டு போட்ட ஊர் அது. அம்பாசமுத்திரத்தில் எடுத்த சுருளை திருநெல்வேலி ஜங்ஷனில் கொடுத்துக் கழுவிய காலம். அந்த முத்திரையை வைத்து எந்த ஊர் ஜனங்கள் அந்தக் கடைக்குப் போவார்கள் என்று சுற்று வட்டம் போட்டுக்கொள்ளலாம், அதற்குமேல் அதை இழுக்க முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம்: பின்னணியில் திரைச்சீலை மடிப்பு தெரிந்தால் அது தெருவே கிடையாது. ஸ்டுடியோவில் வரைந்து தொங்கவிட்ட தெருவைத் தேடி ஒருவர் மூன்று நாள் அலைந்திருக்கிறார்.

"பேனாவுல 'டின்னவேலி டிஸ்ட்ரிக்ட்'னு இங்கிலீஷ்ல எழுதிருக்கு. நம்ம ஜில்லாவுக்குள்ள தேடினா போதும்லா?"

எந்த வருஷத்து ஜில்லா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா உருவாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர், சிவகாசியெல்லாம் திருநெல்வேலி ஜில்லாதான். 1986 அக்டோபரில் பிரியும்வரை தூத்துக்குடி, கோவில்பட்டி, திருச்செந்தூர் எல்லாம் இதற்குள்ளேதான் இருந்தன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆக, "திருநெல்வேலி ஜில்லா" என்று ஆச்சி எழுதியது இன்றைய நான்கு மாவட்டங்களில் எதுவாகவும் இருக்கலாம்.

செங்கோட்டை மட்டும் எதிர்த்திசை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அது திருவிதாங்கூர்–கொச்சி. அந்தக் காலத்துச் செங்கோட்டைத் தெருப் படத்தில் மலையாளப் பலகையோ சங்கு முத்திரையோ தெரிந்தால் கேரளத்துக்கு ஓட வேண்டியதில்லை.

"போன்ல போட்டோ எடுத்து ஏஐ-ல குடுத்தா எழுத்தெல்லாம் தெளிவா வருதே, அது போதாதா?"

அது தெளிவாவது இல்லை, புதிதாக எழுதுவது. மங்கின எழுத்தைக் கொடுத்தால் அந்த மென்பொருள் தனக்குத் தோன்றிய எழுத்தை அழகாக வரைந்து கொடுத்துவிடும். 'ளி ஸ்டோர்ஸ்' என்று மட்டும் தெரிந்த பலகையை ஒரு தம்பி தீட்டிக்கொண்டு வந்தார். அதில் வந்திருந்த எழுத்து எந்த மொழியிலும் இல்லை. நிறம் பூசுவதும் அப்படியே, செங்கல் காவியை அது சிமெண்டுச் சாம்பலாக்கிவிடும்.

படத்தைத் தட்டை ஸ்கேனரில் 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள், தீப்பெட்டி அளவுப் பிரிண்டாக இருந்தால் 1200. நெகட்டிவ் கிடைத்தால் அதைவிட மேல், பிரிண்டுக்காரர் வெட்டிய ஓரமும் அதில் இருக்கும். ஸ்கேனர் இல்லாதவர்கள் வாசல் நிழலில் வைத்து நேராக எடுத்தால் போதும். கூடவே ஒரு பூதக்கண்ணாடி. என் வேலை பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடுகிறது.

"எடம் தெரிஞ்சாப் போதும் அண்ணாச்சி, வருஷம் எதுக்கு?"

வருஷம் தெரியாவிட்டால் இன்றைய தெருவை அன்றைய படத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். அதற்கு முந்திய ஜங்ஷன் படத்தைப் பாலத்தை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

வருஷம் காட்டும் சாமான்களில் நான் முதலில் பார்ப்பது சுவர். இரட்டைக் காளை காங்கிரசின் சின்னமாக இருந்தது 1967 தேர்தல் வரை. பசுவும் கன்றும் 1971-ல் வந்தது. கை சின்னம் 1978-ல் பிறந்தது. இரட்டை இலை 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலுக்கு முன் கிடையாது. அடுத்து விலைப்பலகை. அணா என்றால் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலை ஒட்டியோ அதற்கு முன்போ இருக்கும், 'ந.பை.' (நயா பைசா) என்றால் 1957-க்கும் 64-க்கும் நடுவில். கடைப்பலகையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. 'பாளையங்கோட்டை நகராட்சி' என்று எழுதியிருந்தால் 1994-ல் மாநகராட்சியோடு சேர்வதற்கு முன். பேருந்தின் விலாவில் 'கட்டபொம்மன்' என்று அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் அன்றைய பேர் இருந்தால் எழுபதுகளின் நடுவிலிருந்து 1997 வரை. வண்டி எண்ணின் மூன்று எழுத்து 'எம்' என்று தொடங்கினால் மெட்ராஸ் மாநிலக் காலத்தில் பதிந்த வண்டி, 'டி' என்று தொடங்கினால் 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறியபின். 'டிஎன் 72' எல்லாம் எண்பதுகளின் கடைசியில் தொடங்கிய கணக்கு.

இவற்றில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு பொருள் எப்போது பிறந்தது என்பது உறுதி, எப்போது செத்தது என்பது உறுதி இல்லை. காளைச் சின்னம் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பத்து வருஷம் கழித்தும் எட்டிப் பார்க்கும். அதனால் 'இதற்கு முன்னால் இல்லை' என்று துணிந்து சொல்லுங்கள், 'இதற்குப் பின்னால் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

"போர்டுல 'லை' பழைய மாதிரி, யானைத் தும்பிக்கை வச்சு எழுதிருக்கு. 78-க்கு முன்னன்னு சொல்லலாமா?"

அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டது 1978-ல்தான். ஆனால் பலகை எழுதுகிற பெயிண்டர் அரசாணை படிப்பவர் இல்லையே. தொண்ணூறுகளிலும் தும்பிக்கை வைத்து எழுதியவர்களை எனக்கே தெரியும். மேலே சொன்ன சூட்சுமம்தான்: பழைய எழுத்தை வைத்துப் பின்னெல்லை கட்ட முடியாது.

புது எழுத்தும் ஏமாற்றும். பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்துவிட்டார். திராவிடர் கழகச் சுவரெழுத்தில் புது 'லை' இருந்தால் அது நாற்பதுகளாகவும் இருக்கலாம்.

"கோபுரம் தெரியுது. நெல்லையப்பர்தானே?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இது, அதிகம் 'இல்லை' சொன்னதும் இதற்குத்தான். கோபுரம் தெரிந்தால் நெல்லையப்பர், ஆறு தெரிந்தால் குறுக்குத்துறை என்பது டவுன்காரர்களின் வியாதி. சங்கரன்கோவில், தென்காசி, அம்பாசமுத்திரம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர் என்று கோபுரம் இல்லாத ஊரா நம்மிடம்? நிலைகளை எண்ணுங்கள், கலசங்களை எண்ணுங்கள், உச்சியின் இரு பக்கக் கொம்பு வளைவைப் பாருங்கள். பிறகு அதே கோணத்தில் எடுத்த வேறொரு படத்தோடு ஒப்பிடுங்கள். வண்ணத்தை நம்பாதீர்கள், கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் மாறும்.

சில ஊர்கள் தாமே காட்டிக்கொடுக்கும். தென்காசி காசிவிசுவநாதர் ராஜகோபுரம் இடிந்து பிளந்து பல காலம் மொட்டையாக நின்றது, ஒன்பது நிலையாக எழும்பி 1990-ல்தான் கும்பாபிஷேகம் கண்டது. ஓட்டு வீடுகளுக்கு மேலே உடைந்த கோபுரம் தெரிந்தால் தென்காசியை முதலில் பாருங்கள். திருச்செந்தூரில் ராஜகோபுரம் மேற்கே நிற்கிறது, கடல் கிழக்கே. அதனால் கோபுரத்துக்குப் பின்னால் கடல் தெரிந்தால் மேற்கே நின்று எடுத்தது.

"எங்க வீட்டுப் படத்துல கோபுரம் இல்ல, சர்ச்சு ஊசி இருக்கு."

அப்படியானால் உங்களுக்கு வேலை சுளுவு, ஊசிக்கு ஊசி வித்தியாசம் நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் 1826-ல் கட்டிய தேவாலயத்துக்கு 'ஊசிக்கோபுரம்' என்றே பேர், நாலு தெரு தள்ளி நின்றாலும் கூரைகளுக்கு மேலே தெரியும். மெஞ்ஞானபுரம், இடையன்குடி, நாசரேத் என்று தேரிக்காட்டுப் பக்கம் போனால் ஒவ்வொன்றும் ஒரு சாடை. தரையில் மண் தூளாகக் கிடந்து, சுற்றிப் பனை நின்றால் கிழக்கே, தெற்கே தேடுங்கள்.

"தேர் ஓடுற படம். எந்த ரதவீதின்னு எப்படிக் கண்டுபிடிக்க?"

தேர் சுற்றுவது வலம். கிழக்கு ரதவீதியில் தெற்கு நோக்கி, தெற்கு ரதவீதியில் மேற்கு நோக்கி, மேற்கு ரதவீதியில் வடக்கு நோக்கி, வடக்கு ரதவீதியில் கிழக்கு நோக்கிப் போகும். தேர் போகும் திசையில் முகம் வைத்து நின்றால் கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம். வடம் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அதுதான் முன்பக்கம். இந்த மூன்றோடு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் வீதி பிடிபடும். நிழல் கணக்கு அடுத்த கேள்வியில் வருகிறது.

நெல்லையப்பர் தேர் ஆனி மாதம். கேமராவும் கையுமாக வந்தவர்கள் தேரடியையும் வாகையடி முக்கையும் விட்டு நகர்வதில்லை. அதனால் முக்கில் திரும்பும் தேர் படங்கள்தான் ஏராளம். அவற்றில் இரண்டு வீதிகளும் தெரியும் என்பதால் எனக்கும் கொண்டாட்டம்.

"நிழலை வச்சு திசை சொல்றதா சொன்னாங்க. நிஜமா?"

நிஜம்தான், ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தை நம்பிச் சொன்னால் தப்பும். 'மதிய நிழல் வடக்கே விழும்' என்பது வடநாட்டுக் கணக்கு. நாம் இருப்பது எட்டே முக்கால் பாகை அட்சரேகையில். ஏப்ரல் நடுவில் ஒரு தடவையும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு தடவையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற ஏழரை மாதம் வடக்கே.

அளவும் சொல்கிறேன். ஐந்தரை அடி ஆள் மார்கழி உச்சியில் நின்றால் நிழல் மூன்றரை அடி, வடக்கே. அதே ஆள் ஆனியில் நின்றால் ஒன்றரை அடிகூட வராது, அதுவும் தெற்கே. நம்மூர் உச்சி கடிகாரத்தில் பன்னிரண்டே காலை ஒட்டி வரும். வீடுகளுக்கும் இதே கணக்கு. வடக்குப் பார்த்த வீட்டின் முகப்பில் மதிய வெயில் பளீரென்று அடித்தால் படம் சித்திரைக்கும் ஆவணிக்கும் இடையில் எடுத்தது. கல்யாணப் படம் என்றால் பத்திரிகையில் மாதம் இருக்கும், அதை வைத்து வீடு எந்தத் திசை பார்த்தது என்று திருப்பிப் போட்டும் கணக்கிடலாம்.

காலை மாலை நிழலில் கிழக்கு மேற்கு மட்டுமே கிடைக்கும். எது காலை, எது மாலை என்று படம் சொல்லாது. வாசலில் அழியாத கோலம் இருந்தால் காலை என்று எடுத்துக்கொள்கிறேன். இதுவரை ஒரே ஒரு தடவைதான் கை விட்டது.

"படம் தலைகீழா, சாரி, இடம்வலமா மாறிருக்குமோன்னு சந்தேகம்."

சந்தேகம் நல்லது. நெகட்டிவைப் புரட்டி வைத்துப் பிரிண்டு போட்டால் தெருவே கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறிவிடும், நீங்கள் எதிர்ச்சாரியில் வீடு தேடுவீர்கள். எழுத்து இருந்தால் உடனே தெரியும். இல்லாவிட்டால் சட்டைப் பை இடப்பக்கம் இருக்கிறதா, பூணூல் இடத்தோளில் கிடக்கிறதா, கார் ஓட்டுபவர் வலப்பக்கம் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சேலை முந்தியை மட்டும் தனிச் சாட்சியாக வைக்காதீர்கள். நான் ஏமாந்தது அங்கேதான். எங்கள் படத்தில் திண்ணைக்கு அப்பால் ஒரு மாமி குடத்தோடு போகிறார், முந்தி வலத்தோளில். படம் புரண்டுவிட்டது என்று முடிவுகட்டி, வடக்கு ரதவீதியில் எதிர்ச்சாரி முழுக்கத் தேடினேன். பிறகு ஒரு நண்பரின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: ஐயர் வீட்டு மடிசார் முந்தி வலத்தோளில்தான் வரும், ஐயங்கார் வீட்டில் இடத்தோள். படத்தில் என் சித்தப்பாவின் சட்டைப் பை ஒழுங்காக இடப்பக்கமே இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை.

"மொட்டை மாடியில நெட்டையா ஆன்டெனா நிக்குது. அதுல ஏதாவது தெரியுமா?"

திசைகாட்டியே தெரியும். இலங்கையில் ரூபவாஹினி 1982-ல் தொடங்கியதும் நம் பக்கத்து ஆட்கள் தென்னை உயரத்துக்குக் குழாய் நட்டு, பூஸ்டர் வைத்து அதைப் பிடித்தார்கள். அந்த ஆன்டெனாவின் குச்சிகள் கிழக்கே, கொஞ்சம் தெற்கு சாய்ந்து நோக்கும். பின்னால் கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் எல்லாரும் மாடியேறி வடக்கே திருப்பினார்கள். ஒரே தெருவில் நாலைந்து ஆன்டெனா ஒரே பக்கம் பார்த்தால் திசையும் கிடைத்தது, ஏறத்தாழ வருஷமும் கிடைத்தது. ஒற்றை ஆன்டெனாவை நம்ப வேண்டாம், அது காக்கா உட்கார்ந்தும் திரும்பியிருக்கும்.

"தூரத்துல மலை தெரியுது. மலையில என்ன கண்டுபிடிக்க முடியும்?"

மலைதான் இருப்பதில் நேர்மையான சாட்சி. வீடு இடியும், மரம் சாயும், மலை முகடு அப்படியே இருக்கும். நம் சீமையில் மலைத்தொடர் மேற்கே. நீண்ட மலை தெரிந்தால் கேமரா ஏறத்தாழ மேற்குப் பார்த்திருக்கிறது. கழுகுமலை மாதிரித் தனிக்குன்றுகள் விதிவிலக்கு.

டவுனிலிருந்து பார்த்தால் பொதிகை மலை அடிவானத்தில் நீலக் கோடு, அதுவும் மழை பெய்து வெளுத்த நாளில். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போனால் கூரைக்கு மேலே எழுந்து நிற்கும். எங்கள் படத்தில் சுண்டுவிரல் அகலம் என்றேனே, அது பக்கவாட்டில் அகலம். உயரத்தில் அது எதிர் வீட்டு ஓட்டுச் சாய்ப்பைத் தாண்டி நின்றது. வடக்கு ரதவீதியில் அப்படித் தெரிய வழியே இல்லை. அன்றைக்குச் சாயங்காலமே அம்பாசமுத்திரம் பஸ் ஏறினேன்.

"பெரியவங்ககிட்ட கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாவ. யாரை நம்ப?"

கேட்ட விதத்தில்தான் கோளாறு. "தாத்தா, இது கீழப்புதுத்தெருதானே?" என்றால் "ஆமா" என்றுதான் வரும். தெருப் பேரை நீங்கள் சொல்லவே கூடாது. படத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இந்தத் திண்ணைக்கு எதிர்த்தாப்ல என்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். படத்தில் இல்லாததைச் சொல்கிறார் என்றால் அந்த இடத்தில் அவர் மனசு நிற்கிறது. ஒருவர் "எதிர்த்தாப்ல அடிபம்பு, பக்கத்து முடுக்குல போனா வளவு" என்று சொல்லி, மறுநாள் இன்னொருவரும் கேட்காமலே அடிபம்பைச் சொன்னால் முக்கால் வாசி முடிந்தது.

சொந்தக்காரர்களைவிடத் தெருவில் நடந்து பிழைத்தவர்கள் மேல். ஓய்வுபெற்ற தபால்காரர், பால்காரர், துணி தேய்ப்பவர், மீட்டர் ரீடிங் எடுத்தவர். இரண்டு பெரியவர்களை ஒரே நேரத்தில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். சத்தமாகப் பேசுபவர் ஜெயித்துவிடுவார்.

"வீட்டுப் பத்திரம் இருக்கு. அதுல ஏதும் உதவுமா?"

இது என் சொந்தப் பேட்டை. பத்திரத்தில் சக்குபந்தி என்று, அல்லது நான்குமால் என்று, நாலெல்லை எழுதியிருக்கும். 'கிழமேல் தெருவுக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு' என்று வரும். இதைத் தலைகீழாகப் படிப்பவர்கள்தான் அதிகம். 'தெருவுக்கு வடக்கு' என்றால் தெருவுக்கு வடக்கே வீடு இருக்கிறது என்று அர்த்தம். அதாவது வீட்டின் தென்பக்கம் தெரு, வாசல் தெற்குப் பார்த்தது. இதை நிழலோடு ஒட்டிப் பாருங்கள். பத்திரம் தெற்கு வாசல் என்கிறது, படத்தில் ஆனி மாத மதிய வெயில் முகப்பில் நேராக அடிக்கிறது என்றால் இரண்டில் ஒன்று வேறு வீடு.

கதவு எண்ணை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், அது வார்டு மாறும்போதெல்லாம் மாறியிருக்கும். அடுத்த வீட்டுக்காரர் பெயர் உதவும். அவர் பத்திரத்தில் உங்கள் தாத்தா பெயர் எல்லையாக வந்திருக்கும்.

"தெருவே மாறிப் போச்சு, எல்லாம் மாடி வீடு. படம் எடுத்த எடத்துல சரியா எப்படி நிக்க?"

மாறாததைப் பிடியுங்கள்: தெருவின் வளைவு, சரிவு, கோயில் மதில், மண்டபத் தூண், கிணற்றுச் சுற்றுக்கல், மலை முகடு. பிறகு படத்தில் ஒரு கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் ஒட்டி நிற்கிற இடத்தைத் தேடுங்கள். மண்டப மூலைக்கு நேர் மேலே கோபுரக் கலசம் தெரிகிறது என்று வையுங்கள். தெருவில் அந்த இரண்டும் அதேபோல ஒட்டும் வரை இடம்வலமாக நகருங்கள். இப்போது நீங்கள் ஒரு கோட்டில் நிற்கிறீர்கள். இதுபோல இன்னொரு ஜோடி பிடித்தால் இரண்டு கோடும் வெட்டும் புள்ளிதான் கேமரா நின்ற இடம். சங்கிலியும் கோலும் இல்லாமல் நாங்கள் செய்த வேலை இதுதான்.

உயரமும் பாருங்கள். பழைய பெட்டிக் கேமராவை வயிற்றோடு அணைத்து, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். அதனால் நின்று பார்த்தால் பொருந்தாதது குத்த வைத்தால் பொருந்தும். இன்னொரு கோளாறு, ரோடு. ஒவ்வொரு தடவையும் மேலே மேலே போட்டு ரோடு உயர்ந்திருக்கும். கல்லிடைக்குறிச்சியில் நான் தேடிய திண்ணைக்குப் படத்தில் ஐந்து படி, நேரில் இரண்டு. மூன்று படி தாருக்கு அடியில் கிடக்கிறது. திண்ணைத் தூணின் அடியில் இருந்த கல் தாமரையில் ஓர் இதழ் உடைந்தது மட்டும் படத்தில் இருந்தபடியே இருந்தது.

"எல்லாம் பாத்தாச்சு, எந்த ஊரோடயும் ஒட்டல."

நம் ஊரே இல்லாமல் இருக்கலாம். கொழும்பிலும் ரங்கூனிலும் கடை வைத்த குடும்பங்கள் நம்மிடம் எத்தனை! வேட்டி, திருநீறு, தமிழ்ப் பலகை எல்லாம் கொழும்பு செட்டியார் தெருவிலும் உண்டு. தெருவுக்கு நடுவே தண்டவாளமும் மேலே கம்பியும் தெரிந்தால் அது டிராம். நம் ஜில்லாவில் டிராம் ஓடியதே இல்லை. மெட்ராசில் 1953 வரை, கொழும்பில் 1960 வரை ஓடியது. பலகையில் உருண்டை உருண்டையாக எழுத்து தெரிந்தால் சிங்களமா பர்மியமா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். தாத்தா கப்பலேறிய கதை வீட்டில் இருந்தால் இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

"வெள்ளத்துல நனைஞ்சு படம் கண்ணாடியோட ஒட்டிட்டு. பிச்சு எடுத்து ஸ்கேன் பண்ணலாமா?"

தயவுசெய்து பிய்க்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இப்படி வந்த படங்களில் பிய்த்துக் கொண்டுவந்ததெல்லாம் முகம் போய்த்தான் வந்தது. காய்ந்து ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பின் அட்டையை மட்டும் மெதுவாகக் கழற்றிப் பாருங்கள், எழுத்து இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"கண்டுபிடிச்சாச்சு. பின்னாடி என்ன எழுதி வைக்க?"

பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். இடத்தோடு, எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பழைய ஆள் எழுதியது தப்பாக இருந்தாலும் அழிக்காதீர்கள், எதற்காக அப்படி எழுதினார் என்பது பின்னால் தெரிய வரலாம். எங்கள் ஆச்சி 'டவுன்' என்று எழுதியது படம் எடுத்த இடத்தை இல்லை. அது போய்ச் சேர வேண்டிய முகவரி, அவள் தங்கைக்கு. தாத்தா இரண்டு வருஷம் கல்லிடைக்குறிச்சி அரிசி ஆலையில் கணக்கு எழுதப் போயிருந்தார் என்பதே வீட்டில் மறந்துபோயிருந்தது.

இப்போது அந்தப் படத்தின் பின்னால் ஆச்சியின் ஊதா மையில் 'டவுன்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே என் பென்சில்: 'கல்லிடைக்குறிச்சி அக்கிரகாரம், மலை இடப்பக்கம், தூண் அடியில் தாமரை இதழ் உடைசல். மாமி யார் என்று தெரியவில்லை.'